கோர்டினா: அஞ்சு தலைமுறை கார், ஒரு நாட்டோட சம்பளக் கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆபீஸ் பார்க்கிங்ல நிக்கற காரைப் பார்த்து, அதை ஓட்டறவர் எந்த கிரேடு, மாசம் எவ்வளவு வாங்குவார், அவருக்குக் கீழ எத்தனை பேர்னு உங்களால சொல்ல முடியுமா? 1970-கள்ல பிரிட்டன்ல இருந்திருந்தா சுலபமா சொல்லியிருப்பீங்க. காரை முழுசாக்கூடப் பார்க்க வேண்டாம். டிக்கி மேல ஒட்டியிருக்கற ரெண்டு மூணு எழுத்தே போதும்.

அந்தக் காரோட பேர் ஃபோர்டு கோர்டினா. 1962-ல இருந்து 1982 வரைக்கும் இருபது வருஷம் தயாரானது. அஞ்சு தலைமுறை. உலகம் முழுக்க 40 லட்சத்துக்கு மேல. ஃபெராரி மாதிரி கனவு கார் கிடையாது. ஜேம்ஸ் பாண்ட் ஓட்டற ரகமும் இல்ல. பால் வாங்கப் போறது, பசங்களை ஸ்கூல்ல விடறது, லீவுக்குக் கடற்கரைக்குப் போறதுன்னு சாதாரண வேலை செஞ்ச சாதாரணக் குடும்பக் கார். ஆனா பிரிட்டன்ல யார் எவ்வளவு சம்பாதிச்சாங்க, அதை எப்படி வெளியில காட்டினாங்க, யார் உழைப்புக்கு என்ன விலை போட்டாங்கங்கறதெல்லாம் இந்தக் கார்ல பதிவாகியிருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஒரு மினி

1959 ஆகஸ்ட். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், சுருக்கமா பிஎம்சி, மினி காரை வெளியிடுது. இன்ஜினைக் குறுக்கால வச்சு, முன் சக்கரங்களை இழுக்க வைக்கிற டிசைன். பத்தடி நீளத்துல நாலு பேர் உக்காரலாம். விலை 500 பவுண்டுக்குள்ள. ஊரே வியந்து பார்த்தது.

போட்டி கம்பெனியான ஃபோர்டும் பார்த்தது. ஆனா அவங்க பார்த்த விதம் வேற. ஒரு மினியை வாங்கி, கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் செய்ய என்ன செலவாகும்னு கணக்குப் போட்டாங்க. கார் உலகத்துல இன்னைக்கும் சொல்ற கதை இது. வந்த விடை: ஒரு மினி வித்தா பிஎம்சிக்குச் சுமார் 30 பவுண்டு நஷ்டம்.

இந்த இடத்துலதான் கோர்டினாவோட பிறப்பு இருக்கு. ஃபோர்டுல திட்டமிடும் குழுவுக்குத் தலைவரா இருந்தவர் டெரன்ஸ் பெக்கெட். அவர் புதுமையைத் துரத்தல. சாதாரணக் குடும்பத்துக்கு வேண்டியது என்ன? அஞ்சு பேர் உக்காரணும், டிக்கி பெருசா இருக்கணும், ரிப்பேர் பண்ண சுலபமா இருக்கணும், விலை கட்டுப்படியாகணும். ஒவ்வொரு பாகத்துக்கும் இவ்வளவுதான் எடை, இவ்வளவுதான் செலவுன்னு முன்னாடியே எல்லை போட்டாங்க. கதவுக் கைப்பிடியில மிச்சமாகற சில பென்னியும் லட்சக்கணக்கான கார்ல பெருகினா எவ்வளவு ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

அதே நேரத்துல அமெரிக்க ஃபோர்டு, ஜெர்மன் கிளைக்காக முன் சக்கர இழுவையில ஒரு சின்ன கார் தயார் பண்ணிட்டிருந்தது. அதோட ரகசியப் பேர் கார்டினல். பிரிட்டிஷ் ஃபோர்டு, "எங்க காரை நாங்களே பண்ணிக்கறோம்"னு முடிவெடுத்து, தன் திட்டத்துக்கு ஆர்ச்பிஷப்னு பேர் வச்சுது. கார்டினல்ங்கறது ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில ஒரு பதவி. இங்கிலாந்துத் திருச்சபையில பெரியவர் ஆர்ச்பிஷப். குசும்பு புரியுதா?

டிசைன் பண்ண வந்தவர் கதையும் சுவாரசியம். ராய் பிரவுன். அமெரிக்காவுல 1957-ல வந்த எட்செல் காரை டிசைன் பண்ணவர். ஃபோர்டோட சரித்திரத்துலயே பெரிய தோல்விகள்ல ஒண்ணு எட்செல். அதுக்கப்புறம் அவரை இங்கிலாந்துக்கு மாத்திட்டாங்க, ஒரு விதத்துல நாடு கடத்தல்தான். அங்க அவர் வரைஞ்ச கார் பிரிட்டனோட பெரிய வெற்றிகள்ல ஒண்ணா ஆச்சு.

மார்க் 1: பனிச்சறுக்கு ஊரோட பேர்

1962 செப்டம்பர்ல கார் வந்தது. கோர்டினாங்கற பேர் இத்தாலியோட கோர்டினா டாம்பெட்சோங்கற ஊர்ல இருந்து வந்தது. 1956 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அந்தக் காலத்துல சாதாரண இங்கிலீஷ் குடும்பம் அங்கெல்லாம் லீவுக்குப் போகாது. அந்த ஆசையைத்தான் பேர்ல ஒட்டி வித்தாங்க. பின்னாடி ஒரு விளம்பரத்துக்காக, அந்த ஊர் ஒலிம்பிக் பாப்ஸ்லெட் பாதையிலயே கார்களை ஓட்டிக் காட்டினாங்க.

அடிப்படை மாடல்ல 1,198 சிசி இன்ஜின். ஹீட்டர்கூட எக்ஸ்ட்ரா காசு. இங்கிலாந்துக் குளிர்ல ஹீட்டர் இல்லாத காரான்னு நீங்க கேக்கலாம். ஆனா வாங்கினவங்கள்ல நிறைய பேருக்கு அதுதான் வாழ்க்கையில முதல் கார். அதுவரைக்கும் பஸ், ரயில், மோட்டார் சைக்கிள். 1961-ல பிரிட்டன்ல பத்துல மூணு வீட்டுலதான் கார் இருந்தது. 1971-ல அது பாதிக்கு மேல போயிடுச்சு. முதல் நீளமான நெடுஞ்சாலையான எம்1 1959-லதான் திறந்தாங்க. ரோடு வந்தது, சம்பளம் ஏறினது, தவணையில கார் கிடைச்சுது. சரியான நேரத்துல வந்த கார் கோர்டினா.

1964-ல ஒரு சின்ன மாற்றம் பண்ணாங்க. டேஷ்போர்டுல முகத்துக்கு நேரா காத்து வர ரெண்டு ஓட்டை, பின்பக்கத் தூண்ல அது வெளியே போக ஒரு வழி. ஏரோஃப்ளோன்னு பேர். கண்ணாடியை ஏத்தி வச்சுக்கிட்டே உள்ள நல்ல காத்து வாங்கலாம். இன்னைக்கு உங்க கார்ல ஏசி காத்து வர்ற அந்த வட்டம் இருக்கே, அதை சாமானியன் கார்ல பிரபலமாக்கினதுல கோர்டினாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு பக்கம் லோட்டஸ் கம்பெனியோட சேர்ந்து ஒரு வேகமான கோர்டினா. வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு. ஜிம் கிளார்க் அதை ஓட்டி 1964 பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சார். அதே வருஷம் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில கோர்டினா ஜிடிக்கு வெற்றி. வார நாள்ல ஆபீஸ் போற சாதாரண கோர்டினாக்காரருக்கும் அந்தப் பெருமையில கொஞ்சம் பங்கு கிடைச்சுது. நாலு வருஷத்துல பத்து லட்சம் மார்க் 1 வித்துப் போச்சு.

நாலு வருஷத்துக்கு ஒரு புது உடம்பு

1966-ல மார்க் 2. உள்ள இருக்கற சாமான் பெரும்பாலும் பழசுதான், வெளியில புது சதுர உடம்பு. நல்லா வித்திட்டிருக்கற காரை எதுக்கு மாத்தணும்?

ஒப்பிட்டுப் பார்க்க நமக்குத் தெரிஞ்ச கார் ஒண்ணு இருக்கு. அம்பாசடர். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ங்கற பிரிட்டிஷ் குடும்பக் கார்தான். 1950-கள்ல அந்த மாடல் வங்காளத்துல உத்தரபாராவுக்கு வந்து, 2014 வரைக்கும் கிட்டத்தட்ட அதே உருவத்துல ஓடுச்சு. லைசன்ஸ் ராஜ்யத்துல போட்டியே இல்ல, காருக்கு வருஷக்கணக்குல காத்திருந்தாங்க. அங்க உருவம் மாற அவசியமே வரல. பிரிட்டன்ல நிலைமை தலைகீழ். கோர்டினாவுக்குப் போட்டி பக்கத்து வீட்டுக்காரரோட போன வருஷ கோர்டினாதான். பழசு பழசாத் தெரிஞ்சாத்தான் புதுசு விக்கும்.

1967-ல 1600 ஈ வந்தது. ஈ-ன்னா எக்ஸிக்யூட்டிவ். மரப் பலகை பதிச்ச டேஷ்போர்டு, அலங்காரச் சக்கரம், தாழ்ந்த சஸ்பென்ஷன். பணக்காரங்க கார்ல இருந்த சாமானை நடுத்தர வர்க்கக் கார்ல வச்சாங்க. ஜாகுவார் வாங்க முடியாதவங்களுக்கு ஜாகுவார் வாசனை. இந்த ஒரு எழுத்து பின்னாடி எவ்வளவு தூரம் போகப் போகுதுன்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

187 பேர் தையல் மெஷினை நிறுத்தின நாள்

கோர்டினாவோட வீடு டேகன்ஹாம். லண்டனுக்குக் கிழக்க, தேம்ஸ் நதிக்கரையில. 1931-ல இருந்து அங்க ஃபோர்டு தொழிற்சாலை. கேலி பண்றவங்க இந்தக் காருக்கு வச்ச பேரே "டேகன்ஹாம் டஸ்ட்பின்".

அந்தத் தொழிற்சாலையில கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை செஞ்சவங்க பெண்கள். அந்த வேலையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வழுக்கற ரெக்ஸின் மாதிரி துணி, வளைவு வளைவா தையல். வேலைக்குச் சேரணும்னா தையல் தெரியும்னு காட்டணும். ஆனா 1960-கள் கடைசியில வேலைகளைத் தரம் பிரிச்சப்போ, ஃபோர்டு இவங்களை பி கிரேடுல போட்டுது. அதாவது, பெரிய திறமை தேவையில்லாத வேலை. சி கிரேடு கிடைக்கல. அது மட்டும் இல்ல. அந்த பி கிரேடுலயும் ஆண்கள் வாங்கறதுல 85 சதவீதம்தான் பெண்களுக்குக் கொடுத்தாங்க.

1968 ஜூன் 7. டேகன்ஹாம்ல 187 பெண்கள் வேலையை நிறுத்தினாங்க. முதல்ல யாரும் பெருசா எடுத்துக்கல. ஆனா சீட் இல்லாத காரை யாருக்கு விப்பீங்க? சில நாள்ல சீட் ஸ்டாக் தீர்ந்தது. ஃபோர்டோட கார் உற்பத்தியே முடங்கிப் போச்சு. மூணு வாரம் கழிச்சு வேலைவாய்ப்பு அமைச்சர் பார்பரா காசில் அவங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. ஆண்கள் சம்பளத்துல 92 சதவீதம்னு ஒத்துக்கிட்டு வேலைக்குத் திரும்பினாங்க.

இதோட தாக்கம் பெருசு. 1970-ல சம ஊதியச் சட்டம் வந்ததுக்கு இந்தப் போராட்டம் ஒரு முக்கியமான உந்துதல். 1975 கடைசியில சட்டம் முழுசா அமலுக்கு வந்தது. பின்னாடி சினிமாகூட எடுத்தாங்க.

ஆனா சினிமா முடியற இடத்துல கதை முடியல. அந்தப் பெண்களோட முதல் கோரிக்கை என்ன? "எங்க வேலை திறமையான வேலை. சி கிரேடு கொடுங்க." அது அன்னைக்குக் கிடைக்கல. 1984-ல இன்னொரு தடவை ஆறு வாரம் வேலைநிறுத்தம் பண்ணித்தான் அது கிடைச்சுது. பதினாறு வருஷம். அதுக்குள்ள கோர்டினா மூணு தலைமுறை மாறி, உற்பத்தியே நின்னு போய் ரெண்டு வருஷம் ஆயிருந்தது. காருக்கு எக்ஸிக்யூட்டிவ் பட்டம் 1967-லயே கொடுத்த கம்பெனி, சீட்டைத் தைச்சவங்களுக்குத் திறமைசாலிங்கற பட்டம் கொடுக்க 1984 ஆச்சு. கோர்டினாவைப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்கணும்னா, நான் இதைச் சொல்லுவேன்.

மார்க் 3: எழுத்துகளோட ராஜ்யம்

1967-ல ஃபோர்டு தன்னோட பிரிட்டிஷ், ஜெர்மன் கிளைகளைச் சேர்த்து ஃபோர்டு ஆஃப் யூரோப்னு ஒண்ணு ஆரம்பிச்சது. ஆர்ச்பிஷப்பும் கார்டினலும் கடைசியில ஒரே சபைக்கு வந்துட்டாங்கன்னு வச்சுக்கோங்க. 1970 இலையுதிர் காலத்துல வந்த மார்க் 3-யும் ஜெர்மனியோட டவுனஸும் அடியில ஒரே கார், மேல வேற வேற உடம்பு. இடுப்புல வளைஞ்சு, கோக் பாட்டில் மாதிரி அமெரிக்க உருவம்.

ஆரம்பம் சரியில்ல. 1971 தொடக்கத்துல ரெண்டு மாசம் போல ஃபோர்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். ஆனாலும் 1972-ல கோர்டினா பிரிட்டன்ல அதிகம் விக்கற காரா ஆச்சு. 1981 வரைக்கும், 1976-ஐத் தவிர, முதல் இடம் அதுக்குத்தான். 1976-ல முந்தினது யார் தெரியுமா? ஃபோர்டோட எஸ்கார்ட். தம்பிகிட்டதான் தோத்தது.

இப்போ முதல்ல சொன்ன எழுத்து விஷயத்துக்கு வருவோம். மார்க் 3-ல சாதா, எல், எக்ஸ்எல், ஜிடி, ஜிஎக்ஸ்எல்னு வரிசை. எல்-ல கொஞ்சம் கூடுதல் அலங்காரம். எக்ஸ்எல்-ல இன்னும் கொஞ்சம். ஜிஎக்ஸ்எல்-ல நாலு ஹெட்லைட், கூரையில வினைல் உறை. பின்னாடி ஜிஎக்ஸ்எல் இடத்துக்கு 2000 ஈ வந்தது. அடுத்த தலைமுறையில உச்சிக்கு கியா.

இது ஏன் அவ்வளவு முக்கியமாச்சு? காரணம் கார்ல இல்ல, சம்பளத்துல இருக்கு. 1970-கள்ல விலைவாசி தாறுமாறா ஏறினது. அதை அடக்க அரசாங்கங்கள் சம்பள உயர்வுக்கு உச்சவரம்பு போட்டாங்க. 1972-ல கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹீத் முடக்கினார். அப்புறம் வந்த லேபர் ஆட்சியிலயும் வரம்பு. அது போக வருமான வரி, உச்சத்துல 83 சதவீதம். ஒரு கம்பெனி நல்ல ஊழியரைத் தக்க வைக்கணும், ஆனா சம்பளம் கூட்டக் கூடாது, கூட்டினாலும் வரியில போயிடும். என்ன பண்ணும்?

கார் கொடுக்கும்.

கம்பெனி கார் சம்பளக் கணக்குல வராது. அதுக்கான வரியும் உண்மையான மதிப்பைவிட ரொம்பக் குறைவு. அதனால சேல்ஸ் ரெப்புக்கு, ஏரியா மேனேஜருக்கு, ரீஜனல் மேனேஜருக்குன்னு ஆயிரக்கணக்குல கார் கொடுத்தாங்க. பிரிட்டன்ல வித்த புதுக் கார்ல பெரும்பங்கு கம்பெனிகள் பேர்ல போச்சு. சம்பளத்துல வித்தியாசம் காட்ட முடியாதப்போ, அந்த வித்தியாசத்தை டிக்கி மேல எழுதினாங்க. புதுப் பையனுக்கு எல். ரெண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்எல். மேனேஜருக்கு ஜிஎக்ஸ்எல்.

காரை வீட்டு வாசல்ல நிறுத்தினா, தெருவுக்கே உங்க பதவி தெரியும். இன்னைக்கு லிங்க்ட்இன்ல போடற விஷயத்தை அன்னைக்குப் பம்பருக்குப் பக்கத்துல போட்டாங்க. ஃபோர்டு இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலைன்னு வித்துது. பிஎம்சியோட வாரிசான பிரிட்டிஷ் லேலண்ட், மோரிஸ் மரினாவை வச்சு இதே சந்தைக்கு மோதிப் பார்த்தது. கோர்டினாவைப் பிடிக்க முடியல.

மார்க் 4, மார்க் 5: உச்சமும் முடிவும்

1976-ல மார்க் 4. வளைவெல்லாம் போய் நேர்க்கோட்டு உடம்பு. இப்போ டவுனஸும் கோர்டினாவும் கிட்டத்தட்ட ஒரே கார், பேர்தான் வேற. 1979-ல மார்க் 5, கண்ணாடி பெருசான, மெருகேத்தின பதிப்பு. அந்த வருஷம்தான் பிரிட்டன்ல கோர்டினா விற்பனையோட உச்சம். தேவைக்கு டேகன்ஹாம் மட்டும் போதாம பெல்ஜியத்தோட கெங்க் தொழிற்சாலையில இருந்தும் கொண்டு வந்தாங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல 1978 செப்டம்பர். பிரதமர் காலகன் சம்பள உயர்வு 5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருந்தார். ஃபோர்டும் 5 சதவீதம்தான் தருவேன்னுச்சு. சுமார் 57,000 தொழிலாளர்கள் வெளியே வந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு 17 சதவீதத்துக்குப் பேசி முடிச்சாங்க. வரம்பை மீறின ஃபோர்டுக்குத் தண்டனை கொடுக்க அரசாங்கம் பார்த்தப்போ, நாடாளுமன்றத்துலயே தோத்தது. அதுக்கப்புறம் லாரி ஓட்டுநர், மருத்துவமனை ஊழியர், குப்பை அள்றவங்கன்னு வரிசையா வேலைநிறுத்தம். "அதிருப்தியின் குளிர்காலம்"னு சரித்திரத்துல பேர் வாங்கின காலம் அது. 1979 மே மாசம் மார்கரெட் தாட்சர் ஜெயிச்சாங்க.

இதுல இருக்கற முரணைக் கவனிங்க. சம்பள வரம்பு இருந்ததாலதான் கம்பெனி கார் பெருகினது. கம்பெனி கார் பெருகினதாலதான் கோர்டினா கொடி கட்டிப் பறந்தது. அதே வரம்பை முதல்ல உடைச்சவங்க கோர்டினாவைக் கட்டின கைகள். மேனேஜருக்கு வரம்பைத் தாண்ட கார்னு ஒரு பின்வாசல் இருந்தது. அசெம்ப்ளி லைன்ல நிக்கறவருக்கு அது இல்ல. அவர் முன்வாசலைத்தான் தட்டணும்.

1982 ஜூலையில கடைசி கோர்டினா வெளியே வந்தது. அதுக்குப் பதிலா வந்தது சியரா. காத்தைக் கிழிக்கற வழவழ உருவம். ஜெல்லி அச்சு மாதிரி இருக்குன்னு ஜனங்க சிரிச்சாங்க. ஆரம்பத்துல தனி டிக்கி வச்ச சலூன் மாடலே இல்ல. கோர்டினாவுக்குப் பழகின ரெப்புகள்ல பல பேர் வாக்ஸ்ஹால் கவாலியருக்குப் போனாங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

1996-ல டோனி பிளேர் தன் கட்சி மாநாட்டுல ஒரு கதை சொன்னார். 1992 தேர்தல்ல ஓட்டுக் கேக்கப் போனப்போ, ஒருத்தர் தன்னோட ஃபோர்டு சியராவைத் துடைச்சிட்டிருந்தாராம். எலக்ட்ரீஷியன். அப்பா லேபர் கட்சி. ஆனா இவர், சொந்த வீடு வாங்கியாச்சு, இனிமே லேபருக்கு எதுக்குப் போடணும்னு நினைக்கறவர். பத்திரிகைகள் இந்த வாக்காளருக்கு "மாண்டியோ மேன்"னு பேர் வச்சாங்க. மாண்டியோங்கறது 1993-ல சியராவுக்கு அடுத்து வந்த கார். அதாவது, ஓட்டுப் போடறவங்களை ஜாதகம் கணிக்கற மாதிரி, கார் பேரை வச்சுக் கணிச்சாங்க. அந்தப் பழக்கத்தோட வேர் கோர்டினாவுலதான் இருக்கு.

டேகன்ஹாம்ல 2002 பிப்ரவரியோட கார் தயாரிப்பு நின்னது. 1931-ல இருந்து கிட்டத்தட்ட ஒரு கோடியே பத்து லட்சம் வண்டி. இன்ஜின் வேலை மட்டும் தொடர்ந்தது. கெங்க் தொழிற்சாலையை 2014-ல மூடினாங்க. ஐரோப்பாவுல மாண்டியோவும் 2022-ல முடிஞ்சுது. எல்லாரும் உயரமான எஸ்யூவி பக்கம் போயிட்டாங்க. ஆர்ச்பிஷப்ல ஆரம்பிச்ச பரம்பரை அறுபது வருஷத்துல முடிஞ்சுது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில 2021, 2022-ல என்ன நடந்ததுன்னு பார்த்தவங்களுக்கு, ஒரு தொழிற்சாலை நின்னா அந்த ஊர் எப்படி மாறும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

மார்க் 1, மார்க் 2, லோட்டஸ், 1600 ஈ எல்லாம் இன்னைக்குச் சேகரிக்கறவங்க கையில பத்திரமா இருக்கு. சாதா எல், சாதா எக்ஸ்எல் நிறையவே துருப்பிடிச்சு, காயலான் கடைக்குப் போயிடுச்சு. சரித்திரம் எதைப் பாதுகாக்குதுன்னு பாருங்க. நிறைய பேர் ஓட்டினது போயிடுச்சு, கொஞ்சப் பேர் ஆசைப்பட்டது தங்கியிருக்கு.

அடுத்த தடவை ரோட்டுல ஒரு காரைப் பார்க்கும்போது, பின்னாடி ஒட்டியிருக்கற எழுத்துகளைக் கவனிங்க. எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ. யார் எந்தப் படியில நிக்கறாங்கன்னு அந்த எழுத்துகள் சொல்லிடும். அந்த சீட்டைத் தைச்சவங்க எந்த கிரேடுலன்னு மட்டும் எந்தக் கார்லயும் எழுதியிருக்காது. அதைத் தெரிஞ்சுக்க 187 பேர் மாதிரி யாராவது மெஷினை நிறுத்த வேண்டியிருக்கு.

உங்க வீட்டு முதல் கார் எது, அதுல என்ன எழுத்து இருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.